என் கிட்னி ஒத்துக்கலை என்றார்கள்

அக்காவுக்கு என் வலது சிறுநீரகத்தைக் கொடுத்து ஒன்றரை வருடம் ஆகியிருந்த சமயம். சொந்தக்காரர் ஒருவர் போன் செய்து நலம் விசாரித்துவிட்டு, வைப்பதற்கு முன்னால் சொன்னார்: “என்னப்பா பண்றது, உன் கிட்னி அவளுக்கு ஒத்துக்கலை போல.” கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் போனை வைத்த பிறகு எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆபரேஷன் தியேட்டருக்குப் போன அன்றுகூட அப்படி இருந்ததில்லை. கொடுத்த பொருள் சரியில்லை என்று யாரோ திருப்பி அனுப்பியது போல ஒரு கூச்சம். இரவு படுத்தால் விலாவுக்குக் கீழே இருந்த தழும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். என்னுடையதில் என்ன குறை, டெஸ்ட் எல்லாம் சரியாகத்தானே இருந்தது, எட்டு வகை ஸ்கேன் எடுத்துத்தானே கையெழுத்துப் போட்டார்கள் என்று மனசு அதையே சுற்றிச் சுற்றி வரும்.

அதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. இருந்தும் அந்த ‘ஒத்துக்கலை’ மேல் எனக்கு இருக்கும் கோபம் அடங்கவில்லை. மாற்றுச் சிறுநீரகம் தடுமாறுகிறது என்று கேட்டாலே நம் எல்லோருக்கும் முதலில் வருவது அந்தச் சொல்தான். உடம்பு அதை அந்நியமாக நினைத்துத் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான், விதி. ஆஸ்பத்திரியிலும் முதல் சந்தேகம் அங்கேதான் போகிறது, அதில் நியாயமும் இருக்கிறது, ஏனென்றால் நிராகரிப்பைத் தவறவிட்டால் சிறுநீரகம் போய்விடும். ஆனால் அக்கா விஷயத்தில் என் கிட்னி அவளோடு ஒரு சண்டையும் போடவில்லை. அதற்கு ரத்தம் போய்ச் சேரவில்லை. வழியில் குழாய் நெரிந்திருந்தது. அதைக் கண்டுபிடிக்க ஏழு மாதம் ஆனது. சரிசெய்ய, குழாயை விரித்து வைக்கும் சின்னக் கம்பி வலையான ஸ்டென்ட் ஒன்றும், அது போதாமல் ஒரு பெரிய அறுவை சிகிச்சையும் தேவைப்பட்டன.

பிரஷர் நோட்டு

அக்கா எதையும் எழுதி வைக்கிற ஆள். மாற்று சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து காலையும் இரவும் பிரஷர் பார்த்து ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். முதல் ஒன்பது மாதம் அந்த நோட்டைப் பார்க்கவே நன்றாக இருக்கும், 130க்கு 80, 126க்கு 78 என்று ஒரே சீராக. ரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியாட்டினின், அது ஏறினால் சிறுநீரகம் தடுமாறுகிறது என்று அர்த்தம், 1.1. பத்தாவது மாதத்தில் 140 எட்டிப் பார்த்தது. ஒரு மாத்திரை கூடியது. பிறகு 150, இன்னொரு மாத்திரை. பதினாறாவது மாதத்தில் நான்கு வகை மாத்திரை சாப்பிட்டும் 170க்குக் கீழே இறங்க மறுத்தது. அதே நேரத்தில் கிரியாட்டினினும் சத்தமில்லாமல் 1.5க்கு வந்திருந்தது.

இதற்குக் காரணம் சொல்ல யாருக்கும் சிரமமே இருக்கவில்லை, அதுதான் பிரச்சினை. நிராகரிப்பு வராமல் இருக்கக் கொடுக்கிற டாக்ரோலிமஸ் பிரஷரை ஏற்றும். ஸ்டீராய்டு மாத்திரையான பிரெட்னிசலோனும் ஏற்றும். உள்ளேயே விட்டுவைத்த பழைய இரண்டு சிறுநீரகங்களும் தம் பங்குக்கு ஏற்றலாம். மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ரத்தக்கொதிப்பு இருக்கத்தான் செய்கிறது. அதனால் இன்னொருவருக்கும் அது வரும்போது யாரும் திடுக்கிடுவதில்லை. இடையில் ஒரு நாள் நள்ளிரவில் மூச்சு வாங்கி எழுந்து உட்கார்ந்துவிட்டாள், படுக்கவே முடியவில்லை. நுரையீரலில் நீர் என்றார்கள். நீர் போகும் ஊசி போட்டதும் காலைக்குள் சரியானது. எக்கோ எடுத்தால் இதயம் அழகாகச் சுருங்கி விரிகிறது. உப்பு அதிகம் சாப்பிட்டிருப்பீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இதயம் நன்றாக இருக்கும்போதே நுரையீரலில் திடீரென்று நீர் கோத்தால், சிறுநீரகத்துக்குப் போகும் தமனி சுருங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதை நான் தெரிந்துகொண்டது ரொம்பப் பின்னால். ஒரே ஒரு சிறுநீரகத்தை நம்பி இருப்பவர்களுக்கு அது முக்கியமான துப்பு. அன்றைக்கு அது எங்கள் கையில் இருந்தது, எங்களுக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

பதினேழாவது மாதத்தில் லோசார்ட்டான் சேர்த்தார்கள். பிரஷருக்கு நல்ல மாத்திரை, சிறுநீரகத்துக்கும் பாதுகாப்பு என்றார்கள், பொதுவாக அது உண்மைதான். பத்தே நாளில் கிரியாட்டினின் 2.8. அன்று மாலையே அட்மிஷன். நிராகரிப்பாக இருக்கலாம், மறுநாள் காலை எட்டு மணிக்கு, ஊசியால் சிறுநீரகத்திலிருந்து துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி என்று முடிவாகி, சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சொந்தக்காரரின் அந்த போன் வந்தது அதற்கு அடுத்த அரை மணி நேரத்தில்.

வயிற்றில் வைத்த ஸ்டெதஸ்கோப்

இரவு ஒன்பது மணி இருக்கும். மேற்படிப்பு படிக்கிற இளம் டாக்டர் ஒருவர் பிரஷர் பார்க்க வந்தார். அதிகப் பிரஷரோடு பயாப்ஸி ஊசி இறக்கினால் ரத்தக்கசிவு ஆகும், அதனால் முதல் நாளே பார்த்து வைப்பது வழக்கமாம். 184க்கு 110. பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அவர் போயிருக்கலாம், காலையிலிருந்து வந்த எல்லோரும் அப்படித்தான் போனார்கள். அவர் அக்காவிடம், “அம்மா, கொஞ்சம் நேரா படுங்க” என்று சொல்லி, அடிவயிற்றின் வலது பக்கம், தழும்புக்கு உள்பக்கமாக ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு விரல் அகலம் கீழே நகர்த்தினார். மறுபடி கொஞ்சம் நடுவில். மூச்சைப் பிடிக்கச் சொன்னார். நான் எதையோ கேட்க வாயெடுத்தேன், கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். அந்த அறையில் ஒரு நிமிடம் போல ஒருவரும் பேசவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள், நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இதுக்கு முன்னாடி பயாப்ஸி ஏதாவது பண்ணியிருக்காங்களா?” என்று கேட்டார். இல்லை என்றோம். பிறகு காதிலிருந்து கழற்றி என்னிடம் நீட்டினார். நீங்கதானே கொடுத்தவர், கேட்டுப் பாருங்க என்றார். முதலில் ஒன்றும் புரியவில்லை, குடல் இரைச்சல்தான் கேட்டது. அப்புறம் அதற்கு அடியில், நாடித் துடிப்போடு சேர்ந்து, பல்லிடுக்கில் காற்றை இழுப்பது போல ஒரு உரசல் சத்தம், விஸ், விஸ், விஸ் என்று. இப்போது கண்ணை மூடினாலும் அந்தச் சத்தம் எனக்குக் கேட்கிறது. என் உடம்பில் முப்பத்தெட்டு வருடம் இருந்த ஒன்று வேறோர் உடம்பிலிருந்து கூப்பிடுவது போல இருந்தது.

அந்த டாக்டர் உடனே அதைப் பெரிதுபடுத்தவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். ஒரு சுருக்கமும் இல்லாத மாற்றுச் சிறுநீரகத்தின் மேலேயும் இந்தச் சத்தம் கேட்கலாம், பயாப்ஸி செய்த இடத்தில் தமனியும் சிரையும் ஒட்டி ஒரு குறுக்கு வழி உண்டாகியிருந்தாலும் கேட்கும், சத்தத்தை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது என்றார். ஆனால் ஏறிக்கொண்டே போன பிரஷர், அந்த நள்ளிரவு மூச்சுத்திணறல், லோசார்ட்டான் போட்டதும் தாவிய கிரியாட்டினின், இவற்றோடு இந்தச் சத்தத்தையும் சேர்த்துப் பார்த்தால் முதலில் குழாயில் ரத்தம் ஓடும் வேகத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்காமல் ஊசி போடக்கூடாது என்று தன் மேலதிகாரிக்கு எங்கள் முன்னாலேயே போன் செய்தார். மறுபக்கம் என்ன சொன்னார்கள் என்று தெரியாது. இவர், “சார், ஒரே ஒரு ஸ்கேன் சார், காலையில முதல் ஆளா அனுப்பிடறேன்” என்று இரண்டு முறை சொன்னது மட்டும் கேட்டது.

டாப்ளரில் அந்தத் தமனிக்குள் ரத்தம் நொடிக்கு 420 சென்டிமீட்டர் வேகத்தில் பீறிட்டுக்கொண்டிருந்தது. 200, 250ஐத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும் என்பார்கள். சிறுநீரகத்துக்கு உள்ளே இருக்கும் சின்னக் குழாய்களிலோ நேர்மாறு, துடிப்பு சோம்பலாக ஏறி மழுங்கிய முனையோடு இறங்கியது. மூத்த டாக்டர் வந்து பார்த்துவிட்டு பயாப்ஸியைத் தள்ளிவைத்தார், லோசார்ட்டானை நிறுத்தினார். நான்கே நாளில் கிரியாட்டினின் 1.7க்கு இறங்கிவிட்டது.

அந்த நான்கு நாளில் நான் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். 1934இல் ஹாரி கோல்ட்பிளாட் என்ற அமெரிக்க ஆய்வாளர் நாய்களின் சிறுநீரகத் தமனியை ஒரு கிளாம்ப் கொண்டு பாதி நெரித்துக் காட்டினார். பிரஷர் ஏறியது. சிறுநீரகம் தனக்கு வரும் ரத்தம் குறைந்ததும், மொத்த உடம்பிலும் பிரஷர் குறைந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு ரெனின் என்ற சுரப்பை விட்டு எல்லாக் குழாய்களையும் இறுக்குகிறது, உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. அதாவது பிரஷரைக் கூட்டியது என் கிட்னிதான், ஆனால் தாகத்தில் கூட்டியது. லோசார்ட்டான் கதையும் இதிலேயே அடக்கம். வாய்க்காலில் வரத்து குறைந்தால் கீழ்மடையைக் கொஞ்சம் அடைத்து வயலில் தண்ணீர் நிற்க வைப்பது போல, சிறுநீரகம் தன் வடிகட்டிகளின் வெளிவாசலைச் சுருக்கி உள்ளே அழுத்தத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அந்த மாத்திரை மடையைத் திறந்துவிட்டது. வரத்து நன்றாக இருப்பவர்களுக்கு அது நன்மை. வரத்தே இல்லாத இடத்தில் வயல் காய்ந்துபோகும்.

மாற்றுச் சிறுநீரகத் தமனிச் சுருக்கம் என்பது அபூர்வமான சங்கதி இல்லை. எப்படித் தேடுகிறார்கள், எதைச் சுருக்கம் என்று கணக்கில் எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து நூற்றுக்கு 1 முதல் 23 பேர் வரை என்று எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலும் மூன்றாவது மாதத்துக்கும் இரண்டாவது வருடத்துக்கும் நடுவில் தலைகாட்டும். தைத்த இடத்தில் தழும்பு இறுகலாம், எடுக்கும்போது குழாயின் உள்சுவரில் பட்ட சின்னக் காயம் தடிக்கலாம், தமனி மடங்கலாம். சில பேருக்குத் தடை அதற்கும் மேலே, காலுக்குப் போகும் பெரிய தமனியிலேயே கொழுப்பு படிந்து வரும், அவர்களுக்கு நடந்தால் அந்தப் பக்கக் காலும் வலிக்கும். இத்தனை வழிகள் இருக்க, நாங்கள் ஏழு மாதம் ஒரே வாசலில் நின்றுகொண்டிருந்தோம்.

நீளமாக இருந்தது

குழாய்க்குள் சாயம் விட்டுப் படமெடுக்கும் ஆஞ்சியோ செய்தபோது தமனி தைத்த இடத்தைத் தாண்டி, ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி, முழங்கை மடக்கியது போல மடங்கி, அந்த மடிப்பின் உள்பக்கம் சுருங்கியிருந்தது. தொடை வழியாகக் கம்பி விட்டு, பலூன் ஊதி, ஸ்டென்ட் வைத்தார்கள். அன்று சாயங்காலமே பிரஷர் 140. அக்கா நோட்டில் அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். இன்று இந்தப் பிரச்சினைக்கு எங்கும் முதல் சிகிச்சை அதுதான், கத்தி வைப்பதில்லை, பெரும்பாலானவர்களுக்கு அதோடு முடிந்தும் விடுகிறது. அக்காவுக்கு முடியவில்லை. ஆறு மாதத்தில் பிரஷர் திரும்பவும் படி ஏறியது, டாப்ளர் 380. ஸ்டென்ட் இருந்த இடம் நிமிர்ந்துவிட்டது, வளைவு அதன் முனைக்கு இடம் மாறி அங்கே புதிதாக நெரிந்துகொண்டது. ஸ்டென்ட்டுக்குள்ளும் தசை வளர்ந்திருந்தது.

இந்தக் கட்டத்தில்தான் ரத்தநாள அறுவை நிபுணர் ஒருவரிடம் அனுப்பினார்கள். அவர் படங்களை எல்லாம் பார்த்துவிட்டு ஒரு காகிதத்தில் பேனாவால் வரைந்து காட்டினார். தானம் கொடுப்பவர்களிடம் இடது சிறுநீரகத்தைத்தான் பெரும்பாலும் எடுப்பார்கள், அதன் சிரை நீளம், தைக்க வசதி. எனக்கு இடது பக்கத்தில் மூன்று தமனிகள் இருந்ததால் வலதை எடுத்தார்கள். வலதில் சிரை குட்டை, தமனி நீளம். குட்டைச் சிரை சிறுநீரகத்தைக் கீழே இழுத்துப் பிடிக்க, நீளத் தமனிக்கு நிமிர்ந்து நிற்க இடமில்லாமல் மடங்கிவிட்டது.

அதைக் கேட்டதும் அந்தப் பழைய கூச்சம் மறுபடி மேலே வந்தது. அப்போ என்னுடையது நீளமாக இருந்ததுதான் காரணமா டாக்டர் என்று கேட்டுவிட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார். “வயித்தை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு, மல்லாக்கப் படுத்திருக்கும்போது பாக்கற நீளம் வேற. மூடின அப்புறம், எழுந்து நடந்து, உடம்பு கொஞ்சம் தேறினப்புறம் அந்தக் கிட்னி உக்கார்ற இடம் வேற. அன்னிக்குத் தைச்சவருக்கு அது சரியாத்தான் தெரிஞ்சிருக்கும். நீங்க குடுத்தது நல்ல கிட்னி தம்பி. இவ்வளவு பட்டினி போட்டும் இன்னும் வேலை செய்யுது பாருங்க.” பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா ஒன்றும் சொல்லாமல் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் எதையும் மறைக்கவும் இல்லை. மாற்றுச் சிறுநீரகத்தின் தமனியைத் திறந்து சரிசெய்வது முதல் தடவை வைப்பதைவிடக் கஷ்டம். வைத்த சில மாதங்களிலேயே அதைச் சுற்றித் தழும்பு சிமெண்ட் மாதிரி இறுகிவிடுகிறது, எது தமனி எது சிரை எது சிறுநீர்க்குழாய் என்று பிரித்தெடுப்பதே பெரிய வேலை. பழைய ஆய்வுத் தொகுப்புகளில் இந்த அறுவையில் நூற்றுக்கு 15, 20 சிறுநீரகங்கள் இழக்கப்பட்டிருக்கின்றன, சிறுநீர்க்குழாய் காயம்பட்டதும் உண்டு, நூற்றில் 5 பேர் உயிரிழந்ததும் உண்டு. அதனால்தான் ஸ்டென்ட் சரிப்படாதவர்களுக்கு மட்டும் இது. இன்னொரு ஸ்டென்ட் வைத்தால் இன்னும் ஆறு மாதம் ஓட்டலாம், ஆனால் அதற்குப் பிறகு தைக்க நல்ல தமனி மிச்சம் இருக்குமா என்று தெரியாது என்றார்.

வெளியே பெஞ்சில் நாங்கள் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம். அந்தப் பெஞ்சில் வந்து போகிறவர்களின் கதைகள் எங்களுக்கு அத்துப்படி. ஒருவருக்கு பயாப்ஸிக்குப் பிறகு உள்ளே தமனியும் சிரையும் ஒட்டிக்கொண்டு, ஒன்றும் செய்யாமலேயே இரண்டு மாதத்தில் தானாக மூடிவிட்டது, பெரும்பாலும் அப்படித்தான் மூடும். இன்னொரு பெண்ணுக்குத் தைத்த இடத்தில் பூஞ்சைத் தொற்று ஏறி, தமனிச் சுவர் பலூன் போல உப்பி, உயிரைக் காப்பாற்ற சிறுநீரகத்தையே எடுத்துவிட்டு, தொற்று ஏறிய தமனியைக் கட்டி, அடுத்த காலிலிருந்து தோலுக்கடியில் குழாய் இழுத்து இந்தக் காலுக்கு ரத்தம் கொடுத்தார்கள். அவர் மறுபடி டயாலிசிஸ். அவரை நினைத்துக்கொண்டுதான் நான் பயந்து கிடந்தேன். அக்கா கடைசியில் சொன்னாள்: “தம்பி, இது உன்னுதா என்னுதான்னு யோசிக்காத. எனக்கு இன்னொரு ஆறு மாசம் வேண்டாம்டா. சரியா பண்ணிடச் சொல்லு.”

முப்பத்தொரு நிமிடம்

அறுவை நான்கரை மணி நேரம் நடந்தது. உள்ளே என்ன நடந்தது என்பதை அந்த நிபுணர் பிறகு எனக்கு நிதானமாகச் சொன்னார். நான் மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் சொன்னார், அதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு. பழைய தழும்பு வழியாகப் போகாமல் நடு வயிற்றில் திறந்து, தழும்பு அதிகம் ஏறாத உள்பக்கமாகப் பெரிய தமனியை அடைந்தார். முதலில் தமனியை வெட்டிக் குறைத்து வேறு இடத்தில் தைத்துவிடலாம் என்றுதான் எண்ணம். ஆனால் ஸ்டென்ட் சுவரோடு ஊறிப்போயிருந்தது, அந்தக் கம்பி வலை மேல் ஊசி இறங்காது. அதனால் ஸ்டென்ட் இருந்த துண்டை முழுசாக வெட்டி எடுத்துவிட்டு, அக்காவின் தொடையிலிருந்தே சஃபீனஸ் சிரையில் ஒரு துண்டு எடுத்து இடையில் வைத்துத் தைத்தார். சிரைக்குள் ரத்தம் திரும்பி ஓடாமல் தடுக்கிற சின்னக் கதவுகள் இருக்கும், அதனால் தலைகீழாகத் திருப்பித்தான் வைக்க வேண்டும். செயற்கைக் குழாயும் உண்டு, ஆனால் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தொற்று பயம், அதனால் முடிந்தவரை சொந்த உடம்பிலிருந்தே எடுப்பார்களாம்.

எனக்கு உறைத்த இடம் இதுதான். தைக்கிற நேரம் முழுக்கச் சிறுநீரகத்துக்கு ரத்தம் நிற்க வேண்டும். பிறந்ததிலிருந்து இருக்கிற சிறுநீரகத்துக்கு ஓரங்களில் சின்னச் சின்னக் கிளைக்குழாய்கள் உதவிக்கு வரும். மாற்றுச் சிறுநீரகத்துக்கு அந்தச் சொந்தபந்தம் கிடையாது, ஒரே தமனிதான். அதனால் கிளாம்ப் போட்டதும் அதற்குள் ஐஸ் போல் குளிர்ந்த திரவத்தைச் செலுத்தி, சுற்றிலும் ஐஸ் துருவலைப் போட்டுத் தூங்கவைத்துவிட்டுத்தான் தைத்தார்கள். என்னிடமிருந்து எடுத்த அன்று எப்படிக் குளிரவைத்தார்களோ அதே மாதிரி, இரண்டாவது தடவை. கிளாம்ப் போட்டதிலிருந்து எடுக்கும்வரை முப்பத்தொரு நிமிடம். எடுத்ததும் சாம்பல் பூத்த ஊதா நிறத்தில் தொளதொளவென்று கிடந்தது இளஞ்சிவப்பாகி, கையில் விறைத்து நின்றது என்றார். “புதுசா வெச்ச மாதிரி இருந்துச்சு” என்று சொல்லும்போது அவர் உள்ளங்கை தானாகக் குவிந்து எதையோ ஏந்துவது போல நின்றது.

ரத்தக்குழாயை எப்படித் தைப்பது என்பதே ஒரு காலத்தில் யாருக்கும் தெரியாது. 1894இல் பிரான்ஸ் நாட்டு ஜனாதிபதி சாதி கார்னோ லியோன் நகரில் குத்தப்பட்டு, பெரிய சிரை ஒன்று அறுபட்டு இறந்தார், அதைத் தைக்க வழியில்லை. அந்த ஊரில் படித்துக்கொண்டிருந்த அலெக்ஸி கேரல் பூத்தையல் வேலை செய்யும் பெண்மணி ஒருவரிடம் மெல்லிய ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டு, வட்டமான குழாய் வாயை மூன்று முடிச்சில் இழுத்து முக்கோணமாக்கித் தைக்கும் முறையை 1902இல் வெளியிட்டார், 1912இல் நோபல் பரிசு வாங்கினார். மூளைச்சாவு அடைந்தவரிடம் சிறுநீரகம் எடுக்கும்போது பெருந்தமனியின் சுவரிலிருந்து ஒரு சின்ன வட்டத்தையும் சேர்த்து வெட்டி எடுத்து அகலமான வாயாகத் தைப்பார்கள், அதற்கு இன்றும் கேரல் பெயர்தான். என்னைப் போல உயிரோடு கொடுப்பவரிடம் அந்த வட்டத்தை எடுக்க முடியாது. 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ஜோசப் முர்ரே செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று ஒரே மாதிரி இரட்டையர்களுக்கு இடையில் நடந்தது. அங்கே ஒத்துக்கொள்வதா இல்லையா என்ற கேள்வியே எழவில்லை. குழாய்களைச் சரியாகத் தைத்தார்கள், ரத்தம் ஓடியது, சிறுநீரகம் வேலை செய்தது. அந்தச் சொந்தக்காரர் போன் செய்த அன்று இது எனக்குத் தெரிந்திருந்தால் எத்தனை இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

முதல் இரண்டு நாள் சிறுநீர் கொஞ்சமாகத்தான் வந்தது. தைத்த இடத்தில் ரத்தம் உறைந்துவிட்டதோ என்று தினமும் படுக்கைக்கே டாப்ளர் கொண்டுவந்து பார்த்தார்கள். மூன்றாம் நாள் விடியற்காலையில் பையில் இருநூறு மில்லி சேர்ந்திருந்தது. இரவுப் பணி நர்ஸ் அதை எனக்குத் தூக்கிக் காட்டினார். பத்தாம் நாள் கிரியாட்டினின் 1.4. நான்கு பிரஷர் மாத்திரைகள் ஒன்றாகின.

அந்த இளம் டாக்டர் படிப்பு முடிந்து போய்விட்டார், எங்கே இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது. மாற்றுச் சிறுநீரகம் வைத்த யாருக்காவது பிரஷர் ஏறிக்கொண்டே போகிறது என்று என்னிடம் சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, கடைசியாக டாப்ளர் எப்போது எடுத்தார்கள் என்பதுதான். நான் டாக்டர் இல்லை, பதில் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. கேட்கச் சொல்ல மட்டும் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். எவ்வளவு நிராகரிப்பு, எவ்வளவு மாத்திரையின் பக்கவிளைவு, எவ்வளவு குழாய் என்று பிரித்துப் பார்ப்பது அவர்கள் வேலை, குழாயும் ஒரு சாத்தியம் என்று ஞாபகப்படுத்துவது நம்மால் முடிந்த வேலை.

அறுவை முடிந்து இப்போது மூன்று வருடம். போன மாதம் டாப்ளரில் 160 வந்தது. அக்காவின் தொடையில் சிரை எடுத்த இடத்தை ஒட்டிக் கையகலத்துக்கு மரத்தே இருக்கிறது, அதைத் தொட்டால் வேறு யாருடைய காலையோ தொடுவது போல இருக்கிறது என்பாள். நோட்டு மாறிவிட்டது, இது ஐந்தாவது. போன வாரம் வீட்டுக்கு வந்தபோது அதன் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். மேலே என் பெயர். கீழே பிரஷர், கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் என்று மூன்று கட்டம், மூன்றும் காலி. கொடுத்தவர்களும் வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்கே சொல்லி அனுப்பினார்கள், நான் போய் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. “கையை நீட்டு” என்று சொல்லிவிட்டுத் தன் பிரஷர் மெஷினின் பட்டையை என் கையில் சுற்ற ஆரம்பித்தாள். பேசாம இரு, பேசினா ஏத்திக் காட்டும் என்றாள். நான் பேசாமல் இருந்தேன்.